கிளாஸா, குபோட்டாவா?

தை பிறந்ததும் டெல்டா மாவட்டச் செய்திகளில் தவறாமல் ஒன்று இடம்பெறும். ஆட்சியர் அலுவலகத்தில் முத்தரப்புக் கூட்டம் நடந்தது, நெல் அறுவடை இயந்திரங்களில் செயின் வண்டிக்கு மணிக்கு இவ்வளவு, டயர் வண்டிக்கு இவ்வளவு என்று வாடகை நிர்ணயிக்கப்பட்டது, கூடுதலாகக் கேட்டால் புகார் செய்யலாம். சில நாள் கழித்து அதே பக்கத்தில் இன்னொரு செய்தி வரும்: நிர்ணயித்த வாடகைக்கு வண்டி கிடைக்காமல் விவசாயிகள் அவதி. இந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை. ஆத்தூரில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நண்பர் வழி காட்டினார். "எங்க ஊரு வண்டி ஒண்ணு மன்னார்குடிப் பக்கம் ஓடுது. டிரைவர் விவரமான ஆளு, போய்ப் பாருங்க."

சேலம் மாவட்டத்து ஆத்தூரில் விசாரித்தால் தெருவுக்கு ஒருவராவது அறுவடை வண்டியோடு தொடர்புள்ளவராக இருப்பார். உரிமையாளர், டிரைவர், மெக்கானிக், வெல்டிங் பட்டறைக்காரர் என்று ஊரே அந்தத் தொழிலில் புழங்குகிறது. சம்பா முற்றியதும் லாரிகளில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு கிழக்கே கிளம்பிவிடுவார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தும் வண்டி வரப்போரம் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கிரீஸ் துப்பாக்கியோடு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். "பனி காயணும்ணே. ஈரத்துல எறக்குனா தாளு டிரம்முல சுத்திக்கும்" என்று அடியிலிருந்தே குரல் வந்தது. அதற்குள் வயலின் நான்கு மூலைகளிலும் பெண்கள் அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி திரும்ப இடம் வேண்டும். ஒரு காலத்தில் வயல் முழுவதையும் அறுத்துக் களத்துமேட்டில் நெல்லாகவே கூலி வாங்கிய கைகளுக்கு இப்போது மிஞ்சியிருப்பது மூலைகள் மட்டும்.

வண்டி இறங்கியது. ரீல் கதிரை அணைத்து இழுக்க, கத்தி அறுத்துக் கொடுக்க, தாளும் கதிருமாக அத்தனையும் டிரம்முக்குள் போய் நெல் தொட்டியிலும் வைக்கோல் பின்னாலும் விழுகின்றன. ஹைட்ராலிக் பற்றி அவர் சொன்னதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டது, வண்டிக்குப் பின்னால் வயல்காரர் செய்த சோதனை. பெரியவர் குனிந்து, விழுந்த கூளத்தை இரண்டு கையாலும் அள்ளி, ஊதி, உள்ளங்கையில் தங்கிய மணிகளை எண்ணினார். எண்ணிக்கை கூடினால், "தம்பி, காத்தக் கொற" என்று கத்துவார். காற்றாடியின் வேகம் கூடினால் பதரோடு நெல்லும் பறக்கும். குறைந்தால் தொட்டியில் தூசி சேரும். டிரைவர் தன் பங்குக்குத் தொட்டியில் கைவிட்டு, உடைந்த அரிசி தெரிகிறதா என்று பார்த்துக்கொள்கிறார்.

அவர் ஓட்டுவது குபோட்டா கம்பெனி வண்டி. பழகியது கிளாஸில். பதினேழு வயதில் கிளாஸ் வண்டியொன்றில் ஹெல்பராக ஏறியவர், டிரம்மில் சிக்கிய தாளை அரிவாளால் வெட்டி வெட்டியே வண்டியின் உள்ளுறுப்புகளைக் கற்றிருக்கிறார். எத்தனை லட்சம் போட்டு வாங்கினாலும் இருக்கைக்கு அடியில் ஓர் அரிவாள் இல்லாமல் அறுவடை வண்டி கிளம்புவதில்லை. தையும் மாசியும் டெல்டா. பங்குனி, சித்திரையில் குட்டநாடு. அங்கே கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல்களுக்கு வண்டியை ஜங்கார் மிதவையில் ஏற்றி ஆற்றைக் கடக்க வேண்டும். பிறகு தெலங்கானா, குறுவைக்குத் திரும்பவும் டெல்டா, ஐப்பசி கார்த்திகையில் கர்நாடகத்துக் கங்காவதிப் பக்கம். மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த நாளில் அவர் குட்டநாட்டில் இருந்தார். கேரளாவில் அறுத்த நெல்லின் பெயரெல்லாம் அவருக்குத் தெரியும். மகளின் ஆசிரியை பெயர் தெரியாது. இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எது நல்ல வண்டி என்று கேட்டேன். டீக்கடையில் கட்சி பேசுவதுபோல அங்கிருந்தவர்கள் உடனே சூடாகிவிட்டார்கள்.

"குபோட்டா பஞ்சு மாதிரிண்ணே. ஒரே லீவர்ல முன்னயும் போகும், பின்னயும் வரும். சேத்துல பொதையாது" என்றார் டிரைவர். அதன் எடை மூன்று டன்னைச் சற்றுத் தாண்டும். ரப்பர் பெல்ட்டில் ஊரும் செயின் வண்டி என்பதால் மன்னார்குடிக் களிமண்ணிலும் மிதக்கிறது. வண்டி உரிமையாளரின் தம்பி கிளாஸ் கட்சி. "இரும்புங்க அது. பத்து வருசம் ஓட்டி வித்தாலும் வெல நிக்கும்." பஞ்சாபின் நாபா, பாத்சன் ஊர்களில் செய்யப்படும் பிரீத், கர்த்தார் போன்ற டயர் வண்டிகள் பதினான்கு அடி அகலத்துக்கு வாரிக்கொண்டு போகும், செயின் வண்டி ஏறக்குறைய ஏழடிதான். ஆனால் ஈரவயலில் டயர் வண்டியை இறக்கினால் அதை இழுக்க இன்னொரு வண்டி தேவைப்படும். வாடகை குறைவென்றாலும் சம்பாவுக்கு இங்கே அதை அதிகம் கூப்பிடுவதில்லை.

இந்தக் கட்சிச் சண்டையில் ஒரு வேடிக்கை உண்டு. கிளாஸ் 1913-இல் தொடங்கிய ஜெர்மன் நிறுவனம். நம் ஊர் வயல்களுக்கென்று அவர்கள் கொண்டுவந்த வண்டிதான் கிராப் டைகர். அந்த இந்தியக் கிளையை வாங்கிக்கொள்வதாக 2024-இல் யான்மார் அறிவித்தது. யான்மாருக்கும் குபோட்டாவுக்கும் தலைமையகம் ஜப்பானின் ஒசாகாதான். டிரைவரிடம் சொன்னேன். "யாரு வாங்கினா என்னண்ணே, கிளாஸ் கிளாஸ்தான்" என்றார்.

இதே கிளாஸ், ஜெர்மனியில் ஜாகுவார் என்றொரு வண்டி செய்கிறது. அது நெல்லுக்கோ கோதுமைக்கோ உரியதல்ல. பச்சை மக்காச்சோளத்தைத் தட்டையோடு நறுக்கி, மாட்டுக்கு ஊறுகாய்ப் புல் போடுவதற்கு. அங்கே அதற்குப் போட்டி குரோனே நிறுவனத்தின் பிக் எக்ஸ். இரண்டிலும் பெரிய வண்டிகள் ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டிவிட்டன. துண்டு எத்தனை மில்லிமீட்டர் என்பதில்கூடப் போட்டி. அங்கே தீவனத்துக்கென்றே ஒரு வண்டி. இங்கே தீவனம் வண்டியின் கழிவு. மன்னார்குடிப் பெரியவருக்கு இரண்டு கறவை மாடுகள். கையால் அடியோடு அறுத்துக் கட்டிய வைக்கோல் முழ நீளத்துக்கு நிற்கும். வண்டியோ ஒரு சாண் தட்டையை வயலிலேயே விட்டுவிட்டு, மிச்சத்தை டிரம்மில் நசுக்கித் துப்புகிறது. "மெசின் வக்கல மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்குது" என்றார். அதைச் சேர்த்துக் கட்டும் வண்டிக்குத் தனி வாடகை. மழை பெய்தால் அதுவும் போச்சு.

ஆக, வயல்காரர் பார்ப்பது சிதறும் நெல்லையும் வைக்கோலையும். டிரைவர் பார்ப்பது லீவரை. உரிமையாளர் பார்ப்பது தவணையையும் மறுவிற்பனை விலையையும். 25 லட்சத்தை ஒட்டிக் கடன் வாங்கியவருக்கு, பெல்ட் அறுந்தால் அன்றைக்கே பெல்ட் கிடைக்கும் வண்டியே நல்ல வண்டி. பெரியவரை விடாமல் கேட்டேன். "மழைக்கு முன்னாடி வர்ற வண்டி நல்ல வண்டி" என்று முடித்துவிட்டார்.

அந்த வண்டி முன்னாடி வருவதும் வராததும் புரோக்கர் கையில். ஊருக்கொருவர் இருக்கிறார். வெளியூர் வண்டி எந்த ஊரில் இறங்கினாலும் அவர் வழியாகத்தான் இறங்க வேண்டும். தனியாக வந்தால் வயலுக்குப் போகும் பாதையே அடைபடும். வானிலை அறிவிப்பில் "வங்கக்கடலில்" என்ற சொல் கேட்டதும் வாடகை ஏறும். அந்த ஊரில் மணிக்கு 2,500 வாங்கினார்கள். அதில் 200 புரோக்கருக்கு என்றார்கள். வண்டிக்கு முதல் போடாத, வயலில் கால் வைக்காத ஒருவருக்கு ஒவ்வொரு மணிக்கும் பங்கு. வேளாண் பொறியியல் துறையும் குறைந்த வாடகைக்கு வண்டி விடுகிறது. எல்லா வயலும் ஒரே வாரத்தில் முற்றும்போது அந்த வண்டிகள் எந்த மூலைக்குப் போதும்?

ஆனால் புரோக்கரை மட்டும் திட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. கோளாறு "மணிக்கு" என்ற கணக்கிலேயே இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் பயிர் ஓர் ஏக்கரை நல்ல செயின் வண்டி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அறுத்துவிடும். சாய்ந்த பயிருக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். உரிமையாளருக்கு மணிக்கு வாடகை, புரோக்கருக்கு மணிக்குக் கமிஷன், டிரைவருக்கும் மணிக்குத்தான் படி. சீக்கிரம் முடிய வேண்டுமென்று நினைப்பவர் வயல்காரர் ஒருவர்தான். ஆகவே அவர் கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டே வரப்பில் நிற்கிறார். எஞ்சின் ஓடும்வரை வண்டியின் மணி மீட்டரும் ஓடும். நெல் ஏற்ற டிராக்டர் வரத் தாமதமானால் அந்த நிமிடங்கள் யார் கணக்கு? நான் பார்த்த சச்சரவுகளெல்லாம் இதைப் பற்றியவைதாம். இந்தக் கணக்கில் வேகமான வண்டியின் வேகத்தால் வயல்காரரைத் தவிர யாருக்கும் லாபமில்லை. குபோட்டா வந்தாலென்ன, கிளாஸ் வந்தாலென்ன?

மிச்சமான நேரமும் வயல்காரரிடம் தங்குவதில்லை. ஊர் முழுக்க ஒரே வாரத்தில் அறுபடுவதால் எல்லா நெல்லும் ஒரே வாரத்தில் கொள்முதல் நிலையத்துக்கு வருகிறது. அங்கே ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வண்டி நெல் அறுத்த ஈரத்தோடே வருவதால் தார்ச்சாலையில் கொட்டிக் காய வைக்கிறார்கள். சாக்கு இல்லை, லாரி இல்லை என்று குவியல்கள் தார்ப்பாய்க்கடியில் நாள்கணக்கில் கிடக்கின்றன.

பஞ்சாபில் ஏக்கர் கணக்கில் வாடகை பேசும் வழக்கம் உண்டே என்று கேட்டேன். டிரைவர் தலையாட்டினார். "சாஞ்ச பயிர ஏக்கர் கணக்குல அறுத்தா டீசலுக்கே கட்டாதுண்ணே." நியாயம். அப்படியானால் நிமிர்ந்த பயிருக்கு ஏக்கருக்கு ஒரு வாடகை, சாய்ந்த பயிருக்கு இன்னொன்று என்று அந்த முத்தரப்புக் கூட்டத்திலேயே பேசி முடிக்கலாம். டிரைவரின் படியையும் அதிலேயே எழுதி, ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டலாம். கூட்டத்துக்கு உரிமையாளர்களைக் கூப்பிடுகிறார்கள், விவசாயிகளைக் கூப்பிடுகிறார்கள். வண்டியை ஓட்டுபவரை மட்டும் யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. ஓர் ஏக்கருக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தவர் அவர்தான். அடுத்த தையில் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டால், எந்த வண்டி நல்ல வண்டி என்ற கேள்விக்கும் கொஞ்சம் அர்த்தம் வரும்.