அரக்கு இளகாமல்

எங்கள் வீட்டுத் திண்ணையில் சாணைத் தட்டு சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் எனக்குப் பத்து வயது. திருச்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுவது பல குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றிய தொழில். திருவெள்ளறையில் அப்பாவும் அதைத்தான் செய்தார். குச்சி நுனியில் அரக்கை உருக்கி, அது ஆறுவதற்குள் கல்லைப் பதித்து, தட்டில் வைத்து அழுத்துவார். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கும். விரலை நனைத்து அவ்வப்போது ஒரு சொட்டு விடுவார். அவ்வளவுதான்.

“கல்லு சூட்டைத் தாங்கும்டா. அரக்கு தாங்காது. அரக்கு இளகினா கல்லு நகரும், கோணம் போயிரும்” என்பார்.

இன்று துவாக்குடியில் ஒரு சிறிய பட்டறையில் கார்பன் ஃபைபர் பிளேட்டுகளைக் கிரைண்ட் செய்கிறேன். இந்த வேலையில் நான் கற்ற எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஒரு வாக்கியம்தான் கிடக்கிறது.

திருச்சியில் பட்டறை என்றால் இரும்புதான். பெல் தொழிற்சாலை வந்த 1960களிலிருந்து அதைச் சுற்றி வளர்ந்த துணைப் பட்டறைகள் தகடு வெட்டி, வெல்டிங் அடித்து, குழாய் வளைத்துப் பிழைத்தன. நானும் இரும்பில்தான் கை பழகினேன். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், கோவை, சேலத்தோடு திருச்சியும் அதில் ஒரு முனை. அதற்குப் பிறகுதான் எங்கள் வாசலுக்குக் கறுப்புப் பிளேட்டுகள் வரத் தொடங்கின.

இரும்பைச் சாணையில் வைத்தால் அது பேசும். பொறியின் நீளமும் நிறமும் எல்லாம் சொல்லிவிடும். கார்பனில் அந்தப் பொறி இல்லை. சுருள் சீவலும் வராது. நூல் முறிந்து முறிந்து கறுப்புப் பொடியாகத்தான் வரும். ஒரு நூலின் தடிமன் 5 முதல் 7 மைக்ரான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. அப்படி ஆயிரக்கணக்கான நூல்களை எபாக்ஸி ரெசின் பிடித்து வைத்திருக்கிறது. நூல், ஆயிரம் டிகிரிக்கும் மேலான உலையில் வெந்து வந்தது. சாணையின் சூடு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. விமானத் தரத்து ரெசினோ பெரும்பாலும் 120 முதல் 180 டிகிரிக்குள் இளகத் தொடங்கிவிடும். அறைச் சூட்டிலேயே இறுகிய மலிவான ரெசின் அதற்கும் வெகு முன்பே. நூல்தான் கல், ரெசின்தான் அரக்கு. ரெசின் இளகினால் நூல் அறுபடாமல் வளையும், பிடுங்கிக்கொண்டு வரும், அடுக்கு பிரியும். இளகிய ரெசின் சாணை வீலின் பற்களுக்கிடையே அப்பி வீலையும் அடைத்துவிடும். அடைத்த வீல் அறுக்காது, தேய்க்கும். தேய்த்தால் இன்னும் சூடு.

நூலின் நீளவாக்கில் சூடு ஓடும். குறுக்குவாக்கில் ரெசின் தடுத்துவிடுவதால் சூடு மேற்பரப்பிலேயே தேங்கும். ஆகவே எந்தத் திசையில் நூல் கிடக்கிறது என்பது முக்கியம். பிளேட்டில் அடுக்குகள் 0, 45, 90 டிகிரி என்று மாறி மாறி இருக்கும். எங்கள் திருவெள்ளறையில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் வெட்டிய ஸ்வஸ்திக வடிவக் கிணறு இருக்கிறது. ஒரு படித்துறையில் நிற்பவருக்கு மற்றத் துறையில் நிற்பவர் தெரியமாட்டார். பிளேட்டின் நான்கு ஓரங்களும் எனக்கு அப்படித்தான். ஒரு ஓரம் கண்ணாடி போல வந்தது என்று அடுத்த ஓரத்தை நம்ப முடியாது. வீலை ஒரு பக்கமாக ஓட்டினால் சாய்ந்த நூல் படுத்து அறுபடும். எதிர்ப்பக்கம் ஓட்டினால் நிமிர்ந்து பிடுங்கும்.

முதலில் எல்லோரையும் போல நானும் இரும்புக்கு ஊற்றும் பால் நிறக் கூலண்டைத்தான் ஊற்றினேன். தூசி பறக்கவில்லை, வாடை இல்லை, மேற்பரப்பு அருமை. துடைத்து அனுப்பினோம். வாங்கியவர்கள் அதை வேறொரு பாகத்தோடு பசை போட்டு ஒட்டினார்கள். சில நாளில் திரும்பி வந்தது. ஒட்டிய இடம் தோல் உரிவது போல உரிந்திருந்தது; ஒரு பக்கம் முழுக்கப் பசை, எங்கள் பக்கம் பசையே இல்லை. கிரைண்ட் செய்த ஓரத்தில் திறந்துகிடந்த நூல் நுனிகளின் இடுக்கு வழியாக எண்ணெய் கலந்த தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. மேலே துடைத்தது போதவில்லை. எபாக்ஸி மெல்ல மெல்ல ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடித்த ரெசின் தாங்கும் சூடும் இறங்கிவிடும். தவறு என்னுடையது. அந்தப் பிளேட்டுகளில் ஒன்றை இன்னும் என் மேஜையில் வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். ஒட்டப்போகும் பரப்பு என்றால், முடித்ததும் சுத்தமான தண்ணீரை அதன்மேல் விட்டுப் பார்ப்பேன். மெல்லிய படலமாக விரிந்து நின்றால் பரப்பு சுத்தம். தாமரை இலையில் போல முத்து முத்தாகத் திரண்டால் எங்கோ எண்ணெய் இருக்கிறது. பிறகு அடுப்பில் மிதமான சூட்டில் காயவைத்து, எடை குறைவது நிற்கும்வரை நிறுத்துப் பார்ப்பேன். அதற்குப் பின்தான் பசை.

எண்ணெயைக் கைவிட்டு, எதுவும் ஊற்றாமல் உலர்வாகவே ஓட்டினேன். பெரிய பற்களுள்ள டைமண்ட் வீல், மெல்லிய வெட்டு, பக்கத்திலேயே தூசி உறிஞ்சும் குழாய். ஒட்டும் பரப்புகளுக்கு இன்றும் இதுதான் என் முதல் வழி. ஆனால் கார்பன் தூசி மின்சாரத்தைக் கடத்தும். ஒருமுறை உறிஞ்சி சரியாக இழுக்காததால் மெஷின் பேனலுக்குள் தூசி புகுந்து ஷார்ட் ஆனது. தோலில் பட்டால் அரிக்கும். நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. முகக்கவசம் போடாத பையனை நான் மெஷின் பக்கம் விடுவதில்லை.

அடுத்துக் கற்றது துளித் தெளிப்பு. நிமிடத்துக்கு 10 லிட்டர் கூலண்ட் ஓடிய இடத்தில் மணிக்கு 50 மில்லி தாவர எண்ணெய், காற்றோடு கலந்து புகையாக. முதல் நாள் வீல் காய்ந்துதான் இருந்தது. எண்ணெய் அதைத் தொடவே இல்லை. 200 மில்லிமீட்டர் வீல் நிமிடத்துக்கு 2800 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 29 மீட்டர் போகிறது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் வீலோடு ஒட்டி ஒரு காற்றுப் போர்வையும் சுற்றும். வரும் துளியை அது தள்ளிவிடும். வீலுக்கு நெருக்கமாக ஒரு தகட்டை வைத்துப் போர்வையைக் கிழித்து, அதற்குப் பின்னால் நாசிலைத் திருப்பி வைத்த பிறகுதான் துளி போய்ச் சேர்ந்தது. அப்பாவின் விரல் எப்போதும் கல் தட்டைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால்தான் சொட்டை விடும். அது ஏன் என்று அன்று புரிந்தது. துளியிலும் ஆபத்து உண்டு. கொஞ்சம் கூடினால் தூசியோடு குழைந்து மை போல வீலில் அப்பும்.

எண்ணெயும் கூடாது, சூடும் கூடாது என்றால் குளிர்காற்று. பிரெஞ்சுக்காரர் ரான்க் 1930களில் கண்டுபிடித்த சுழல் குழாயில் அசையும் பாகமே இல்லை. அழுத்தக் காற்றை உள்ளே விட்டால் ஒரு முனையில் சூடாகவும் மறுமுனையில் குளிராகவும் பிரிந்து வரும். ஐப்பசி கார்த்திகையில் கம்ப்ரஸர் காற்றே தண்ணீர் கக்கும் என்பதால் டிரையர் இல்லாமல் இதைத் தொடக்கூடாது. இதைவிடக் குளிர் வேண்டுமென்றால் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் உண்டு; அதில் ரெசின் விறைத்து நூல் சுத்தமாக முறியும். ஆனால் நூல் ஒரு விதமாகவும் ரெசின் ஒரு விதமாகவும் சுருங்குவதால் உள்ளே நுண்ணிய விரிசல் விழக்கூடும். பட்டறைக் காற்றின் ஈரம் பிளேட்டில் பனியாகப் படியும். எங்களைப் போன்ற பட்டறைக்கு அது தேவைப்படவில்லை.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த அப்துல் கலாம், ஏவுகணைக்காக உருவான எடை குறைந்த கலப்புப் பொருளைக் கொண்டு போலியோ பாதித்த குழந்தைகளுக்குக் கால் தாங்கி செய்யவைத்தார். மூன்று கிலோ சுமை 300 கிராம் ஆனது. சின்னப் பிளேட் ஒன்றின் ஓரத்தைத் தேய்க்கும்போதுகூட அது என் நினைவில் இருக்கும். இந்த ஓரம் பிரிந்தால் அதை நம்பி நிற்கும் யாரோ ஒருவர் விழுவார்.

புதிதாக வந்திருக்கும் பையன் போன வாரம் ஒரு பிளேட்டை மேஜையில் பொருத்திவிட்டு, “என்ன ஆயில் போடட்டும்ணே?” என்று கேட்டான்.

“இது இங்கிருந்து எங்க போகுது?”

வரைபடத்தைப் புரட்டினான். “ஒட்டுறாங்கண்ணே. ஃபிரேம்ல.”

“அப்ப?”

சற்று யோசித்து, எண்ணெய்க் குழாயை மூடினான். உறிஞ்சியின் வாயை வீலுக்கு அருகே நகர்த்திவிட்டு முகக்கவசத்தை இழுத்து மாட்டினான். முதல் வெட்டு முடிந்ததும், நான் சொல்லாமலே குனிந்து ரெசின் வாடை வருகிறதா என்று பார்த்துக்கொண்டு ஓரத்தைப் புறங்கையால் தொட்டான். சூடில்லை. அரக்கு இளகவில்லை.