பிடாடாரியில் ஒரு துஆ



போடிநாயக்கனூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள குரங்கணி எங்கள் ஊர். ஏலக்காய் மூட்டைகளையும் காட்டாற்றையும் பார்த்தே வளர்ந்த எங்கள் குடும்பம் சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் ஒரு வாரம் சிங்கப்பூரைச் சுற்றிப் பார்த்து வந்தது. மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவனுக்கு இவ்வளவு வசதி ஏது என்று நீங்கள் எண்ணலாம். அங்கே வேலை பார்க்கும் என் மச்சான் பயணச்சீட்டு அனுப்பியிருந்தார்.

பிள்ளைகளுக்கு அது உல்லாசப் பயணம். எழுபதைக் கடந்த என் தாயாருக்கோ வேறு நோக்கம் இருந்தது. பிழைப்புத் தேடிச் சென்ற அவருடைய தந்தை 1961இல் சிங்கப்பூரிலேயே மௌத்தானார். பிடாடாரி என்னும் இடத்தில் அடக்கம் செய்ததாக வந்த கடிதத்தை அம்மா இத்தனை ஆண்டுகளாகப் பெட்டிக்குள் பாதுகாத்து வந்தார்.

"நீங்க ஊரைப் பாருங்க. எனக்கு எங்க அத்தா கபுறைக் காட்டினாப் போதும்" என்றார். சரியென்று வாக்களித்தேன். விசாரிக்காமல் கொடுத்த வாக்கு அது.

போய் இறங்கிய இரவே மச்சான் விவரம் சொன்னார். பிடாடாரியில் முஸ்லிம்களுக்கான மையவாடி 1910இல் திறக்கப்பட்டது. இடநெருக்கடி மிகுந்த அந்நாட்டில் வீடுகள் கட்டுவதற்காக 2001 முதல் 2006 வரை அங்கிருந்த கபுறுகள் அகற்றப்பட்டன. முஸ்லிம்களுடையவை மட்டும் ஏறத்தாழ 68,000. உறவினர் வந்து கோராதவர்களின் எச்சங்கள் சோ சூ காங் மையவாடியில் மறு அடக்கம் செய்யப்பட்டன. எங்கள் பாட்டனாருக்காகக் கோர அங்கே யாருமில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. நாளொரு இடமாக அழைத்துச் சென்றேன். தெலுக் ஆயர் வீதியில், 1830 வாக்கில் நம் முன்னோர் எழுப்பிய நாகூர் தர்காவைப் பார்த்தோம். அன்று அதன் வாசலருகே கடலலை அடித்ததாம். இன்று கடலைத் தூர்த்துக் கட்டிய கட்டடங்களே நிற்கின்றன. சுல்தான் பள்ளிவாசலின் பொற்குவிமாடத்தைச் சுற்றி, கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள் பதிக்கப்பட்டுள்ளன. ஏழைகளும் தம்மால் இயன்றதைக் கொடுத்துப் பங்குபெற வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடாம். கம்பிவட ஊர்தியில் கடலைக் கடந்தபோது, டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் நம்மூருக்குக் கம்பிவழி இறங்கிய கதையை மகனுக்குச் சொன்னேன்.

ஒவ்வொரு காலையும் அம்மா, "இன்னிக்கா?" என்பார். நான், "நாளைக்கு அம்மா" என்பேன். பொய் பேசாதே என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நாவுதான் இதைச் சொல்லிற்று.

ஐந்தாம் நாள் இரவு உண்மையைச் சொல்லிவிட்டேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அங்க இப்ப குடியிருக்காங்களா? பிள்ளை குட்டிகளோட?"

"ஆமாம் அம்மா."

"அப்ப என்னை அங்கேயே கூட்டிட்டுப் போ."

மறுநாள் சென்றோம். அடுக்குமாடி வீடுகளின் கீழே சிறுவர்கள் மிதிவண்டி ஓட்டிக் கொண்டிருந்தனர். அம்மா ஒரு பெஞ்சில் அமர்ந்து கையேந்தி துஆச் செய்தார். வாரத்தின் கடைசி நாளில் சோ சூ காங் சென்று, எந்தக் கபுறு என்று தெரியாமலே, அனைவருக்குமாக ஸலாம் சொன்னார்.

திரும்பும் வழியில் என் கையைப் பிடித்துக் கொண்டு சொன்னார்: "அத்தா மௌத்தான சேதியை எங்கம்மா நாற்பது நாள் எங்கிட்ட மறைச்சாங்க. அப்ப எனக்கு எட்டு வயசு. இப்பவும் நான் சின்னப் பிள்ளையா தம்பி?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதிலில்லை.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பெட்டியிலும் இப்படியொரு கடிதம் இருக்கலாம். காலம் கடக்குமுன் கேட்டு விசாரியுங்கள். கிடைத்த விடை கசப்பானாலும் அவர்களிடம் மறைக்காதீர்கள். நாம் தாங்குவதைவிட அதிகமாக அவர்கள் தாங்கியிருக்கிறார்கள்.

பரதேசத்தில் மறைந்த நம்மவர் அனைவரின் பிழைகளையும் வல்ல அல்லாஹ் பொறுத்தருள்வானாக! ஆமீன்.