காந்திகிராமத்துல பெய்த பத்தனம்திட்டா மழை

உங்க லேப்டாப்பைத் திறந்து 'ஃபைனல்'னு தேடிப் பாருங்க. எனக்குப் பதினொன்னு வந்துச்சு. ஃபைனல், ஃபைனல்_2, ஃபைனல்_சார்_சொன்னது, ரியல்_ஃபைனல்... சிரிக்காதீங்க, உங்களுக்கும் வரும். இதுல எது ரிப்போர்ட்டுக்குள்ள போச்சுன்னு எங்க டீம்ல நாலு பேருக்கும் தெரியாது.

போன வருஷ மினி ப்ராஜெக்ட்டுக்கு மழையும் குளப் பராமரிப்பும்தான் தலைப்பு. என் ஊரு காந்திகிராமம் பக்கம், சிறுமலை அடிவாரம். அதனால அந்தப் பகுதியையே எடுத்துக்கிட்டோம். இந்திய வானிலைத் துறை 1901ல இருந்து நாடு முழுக்கத் தினசரி மழையளவை 0.25 பாகைக் கட்டங்களாப் பிரிச்சு, புனே அலுவலகத்தோட இணையதளத்துல இலவசமாவே கொடுக்குது. வருஷத்துக்கு ஒரு ஃபைல். ஊருக்குப் பக்கத்துக் கட்டத்தை எடுத்து, மாதச் சராசரி போட்டு, கலர் கலரா கிராஃப் வரைஞ்சோம். கடைசியில ஒரு பரிந்துரையும் எழுதினோம்: 'பெரும்பாலான மழை ஜூன், ஜூலையிலேயே பெய்துவிடுகிறது. எனவே கரை வேலைகளையும் தூர்வாருதலையும் செப்டம்பருக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.'

ரிவ்யூல யாரும் ஒண்ணும் கேக்கல. லீவுக்கு ஊருக்குப் போனப்ப பெரியப்பாகிட்ட பெருமையா காட்டினேன். குளத்துத் தண்ணியை நம்பி விவசாயம் பாக்குறவர் அவர்.

"ஏப்பா, இது எந்த ஊரு மழை?"

"நம்ம ஊருதான் பெரியப்பா."

"நமக்கு ஆடியில காத்துதானடா அடிக்கும்? மழை ஐப்பசி, கார்த்திகையிலல்ல வரும். நீ எழுதியிருக்க மாதிரி அப்பப் போயி கரையை வெட்டிப் போட்டா, வர்ற தண்ணி எங்க நிக்கும்?"

எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. வடகிழக்குப் பருவமழைதான் எங்க சமவெளிக்கு முக்கியம்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கேன். ஆனா கிராஃபைப் பாத்தப்ப அது ஞாபகத்துக்கே வரல. கம்ப்யூட்டர் வரைஞ்சதுல்ல!

ரெண்டு ராத்திரி உக்காந்து தேடினதுல விஷயம் புரிஞ்சுது. அந்த மழை ஃபைல்ல வெறும் எண்கள்தான் இருக்கும். எந்த எண் எந்த இடத்துக்குன்னு ஃபைலுக்குள்ள எழுதியிருக்காது. வடக்கு 6.5, கிழக்கு 66.5 பாகையில ஆரம்பிக்குது, 135க்கு 129 கட்டம்னு நாமதான் கோடுல சொல்லணும். அதே தளத்துல கிடைக்கிற வெப்பநிலை ஃபைல் 1 பாகைக் கட்டம், ஆரம்பம் 7.5, 67.5. நாங்க முதல்ல வெப்பநிலைக்கு எழுதின கோடைக் காப்பி பண்ணி மழைக்குப் போட்டோம். கட்டத்தோட அளவை மாத்தினோம், எண்ணிக்கையை மாத்தினோம், ஆரம்பப் புள்ளியை மறந்துட்டோம். நாங்க கேட்டது வடக்கு 10.25, கிழக்கு 78. கிடைச்சது 9.25, 77. மேப்ல போய்ப் பாருங்க, அது கேரளா. சபரிமலைக்குத் தெற்கே பத்தனம்திட்டா மலைக்காடு. அங்க ஜூன்ல கொட்டத்தானே செய்யும்!

எரர் எதுவும் வரல. கோடு அழகா ஓடி, அழகா ஒரு தப்பைக் கொடுத்துச்சு.

திருத்தினது ரெண்டு எண்தான். ஆனா ரிப்போர்ட்ல இருந்த மத்த படங்கள், அட்டவணைகள்ல எதெல்லாம் இந்தக் கோடு வழியா வந்துச்சு? அதுக்குத்தான் பதில் இல்ல. ஒரு அட்டவணையைப் போட்ட நண்பனோட லேப்டாப் ஃபார்மேட் ஆகிடுச்சு. அந்த எண்கள் சரியா தப்பான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அதைத் தூக்கிட்டுத்தான் திருத்தின ரிப்போர்ட்டைக் கொடுத்தோம்.

இது நம்ம மாதிரி பசங்களுக்கு மட்டும் நடக்குறதில்ல. 2007ல வந்த ஐபிசிசி அறிக்கையில இமயமலைப் பனியாறுகள் 2035க்குள்ள காணாமப் போகலாம்னு ஒரு வரி இருந்துச்சு. எங்கிருந்து வந்துச்சுன்னு பின்னாடியே போனா, ஆய்வுக் கட்டுரை இல்ல, டபிள்யூ டபிள்யூ எஃப் அமைப்போட 2005 அறிக்கை ஒண்ணு. 2010 ஜனவரியில ஐபிசிசி வருத்தம் தெரிவிச்சுது. 2021ல வந்த ஆறாவது அறிக்கையில, முதல் பணிக்குழு தன்னோட படங்களுக்கான தரவையும் கோடையும் வெளியிடுற வேலையையே தனியா எடுத்துச் செஞ்சுது. அட்லஸோட கோடு கிட்ஹப்லயே இருக்கு, போய்ப் பாக்கலாம். இதுக்கு அடிப்படை 2016ல வெளியான ஃபேர் கொள்கைகள். தேடினா கிடைக்கணும், எடுக்க முடியணும், மத்த தரவோட சேந்து ஓடணும், இன்னொருத்தர் திரும்பப் பயன்படுத்தணும். இதெல்லாம் ஜெனீவாவுல உக்காந்திருக்கிறவங்களுக்குன்னு நினைச்சிருந்தேன்.

ஜூனியர்ஸுக்கு ஒரு சனிக்கிழமை இதைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னாங்க. ஃபேர்னு ஸ்லைடு போட்டா தூங்கிடுவாங்க, நானா இருந்தாலும் தூங்குவேன். அதனால என் பழைய ஃபோல்டரை அப்படியே பென்டிரைவ்ல கொடுத்து, "இதுல இருந்து படம் 3ஐ வரைங்க, என்னை ஒண்ணும் கேக்கக்கூடாது"ன்னு சொன்னேன். ஒரு மணி நேரம். யாராலயும் முடியல. ஒருத்தன் கடல் வரைக்கும் கட்டத்தை இழுத்து, மைனஸ்ல மழை கொண்டுவந்தான். தரவு இல்லாத இடத்துல மைனஸ் 999 போட்டிருப்பாங்க, அதையும் சேத்துச் சராசரி எடுத்துட்டான். அதையும் நான் எங்கயும் எழுதி வைக்கல.

அப்புறம் என்னென்ன இல்லன்னு அவங்களே சொல்லச் சொல்ல போர்டு நிறைஞ்சுது. ஃபைலை எங்கிருந்து, எந்தத் தேதியில எடுத்தீங்க? எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன்? ஒரிஜினல் ஃபைலைத் தொட்டீங்களா? ஃபைனல்_2ல என்னதான் மாறுச்சு? கடைசிக் கேள்விக்கு கிட் போதும், ஒரு மதியத்துல கத்துக்கலாம். முடிஞ்சா நெட்சிடிஎஃப் ஃபைலையே எடுங்க, இடமும் அலகும் அதுக்குள்ளயே இருக்கும். எங்க தப்பு பாதி அங்கயே நின்னிருக்கும்.

மீதிப் பாதிக்கு ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதியிருக்கோம். முப்பது வருஷச் சராசரியில அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குமான மழை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்குமானதை விடக் குறைவா இருந்தா, கோடு அங்கயே நின்னுடும். அதுக்குப் பேரு 'பெரியப்பா_செக்'.

புது ஃபோல்டர் டிபார்ட்மென்ட் டிரைவ்ல இருக்கு. எனக்கு போன் பண்ணாம படம் 3ஐ வரைஞ்சு பாருங்க. முடியலைன்னா, ரீட்மீயில எந்த வரியில மாட்டிக்கிட்டீங்கன்னு அதுலயே எழுதி வச்சுட்டுப் போங்க.