உப்புக்காற்றும் பழைய பஜேரோவும்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், என் பழைய பஜேரோவைப் பேணுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. எண்ணெய் மாற்றவும் வடிகட்டி கழற்றவும் நானே பழகினேன். சிறிது கர்வமும் வந்திருந்தது.

ஒருநாள் கோணேசர் கோயில் இறக்கத்தில் பிரேக் மிதி ஆழத்துக்கு இறங்கிற்று. இரண்டு பிரேக் சுற்றுகளில் ஒன்று எஞ்சியிருந்ததால் வண்டி ஒருவாறு நின்றது. அருகில் மனைவி இருந்தாள். பின்சில்லுக்குச் செல்லும் உருக்குக் குழாய் துருவேறி வெடித்திருந்தது. திருகோணமலைத் துறைமுகக் காற்றின் உப்பு, நான் மினுக்கிய மேற்பூச்சை விட்டு, குனிந்து பாராத அடிப்பாகத்தைத் தின்றிருக்கிறது.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கிற்று. புதியது வாங்க வசதியில்லை. இப்போது மாதந்தோறும் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவி, விளக்குடன் படுத்துப் பார்க்கிறேன். பிரேக் வேலையைக் கராஜிடம் விட்டுவிட்டேன். புறப்படுமுன் மிதியை அழுத்திப் பார்ப்பது மனைவியின் கட்டளை.