ஒரே பிரதி

பினாங்கில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குக் காலையில் போனால், துருப்பிடித்த பூட்டுக்கும் பழைய காசுக்கும் நடுவே இசைத்தட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். எச்.எம்.வி. நாய் படம் போட்ட தட்டு கிடைத்தால் அதற்குத் தனி மரியாதை. வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்ப்பார்கள், விலை பேசுவார்கள். பக்கத்து அட்டைப்பெட்டியில் கிடக்கும் கேசட்டுகளைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பெட்டியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை.

இசைத்தட்டின் பெருமை எனக்குத் தெரியும். 78 வேகத் தட்டில் அரக்கு கலந்திருக்கும். அந்த அரக்கில் பெரும்பங்கு இந்திய மரங்களில் அரக்குப்பூச்சி சுரந்தது. அதோடு கல்தூளையும் சேர்த்து அழுத்துவார்கள். கீழே விழுந்தால் உடைந்துபோகும். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம்தான். நாடக மேடையில் நேரம் போவதே தெரியாமல் பாடிய எஸ்.ஜி. கிட்டப்பா அந்த 3 நிமிடத்துக்குள் அடக்கிப் பாடினார். 1933இல் 27 வயதில் அவர் மறைந்தார். இன்று நமக்கு அந்தக் குரல் கேட்கிறது என்றால் தட்டுகளால்தான்.

1948இல் எல்.பி. தட்டு வந்தது. ஒரு பக்கத்திலேயே 20 நிமிடத்துக்கு மேல் பாட்டு ஓடியது. பினாங்கிலிருந்து கிளம்பிய அலிகேட்ஸ் குழுவின் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் மலாய்ப் பாட்டுகளால் நாடெங்கும் புகழ்பெற்றது எல்.பி.யும் கேசட்டும் சேர்ந்து விற்ற காலத்தில். 2007இல் லோகநாதன் காலமானார். ஆனாலும் அவர் பாட்டு இன்று கைபேசியில் கிடைக்கிறது. விற்கும் என்று தெரிந்த பாட்டை ஒவ்வொரு புது வடிவத்துக்கும் யாராவது ஏற்றிவிடுகிறார்கள். இளையராஜாவும் அப்படித்தான் தட்டிலிருந்து கேசட்டுக்கும், கேசட்டிலிருந்து சி.டி.க்கும், அங்கிருந்து இணையத்துக்கும் வந்து சேர்ந்தார். வடிவம் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு சல்லடை விழுகிறது. அதில் தங்குவது விலைபோகிற பாட்டு மட்டும்.

விலைக்கு வராதவை கேசட்டில்தான் இருக்கின்றன. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது. அதுவரை பாட்டைப் பதிவது பெரும்பாலும் கம்பெனிக்காரர் வேலை. கேசட் வந்தபின், சிவப்புப் பொத்தானை அழுத்தத் தெரிந்தவர் எல்லாரும் பதிவு செய்தார்கள். தைப்பூசத்துக்கு வெள்ளித்தேர் லெபோ பினாங்கிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் உறுமி மேளத்தைப் பதிந்தார்கள். கோயில் பஜனை, கல்யாண வீட்டு வாழ்த்து, மலேசியத் தமிழ் ஒலிபரப்பான வானொலி ஆறில் வந்த உள்ளூர்ப் பாடகர், ஊரிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய பெரியப்பா, எல்லாம் கேசட்டில் ஏறின. எங்கள் அப்பாயி பாடிய ஒப்பாரி ஒரு கேசட்டில்தான் இருந்தது. எந்தக் கம்பெனி அதைத் தட்டாகப் போட்டிருக்கும்? இந்தத் தீவுத் தமிழர் சொந்த வாயால் பாடியதும் பேசியதும் இப்படி ஒரே பிரதியாக அலமாரிகளில் கிடக்கின்றன.

அவற்றுக்கு நம் ஊர்க் காற்றே பகை. 4 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள பிளாஸ்டிக் நாடாவில் காந்தத்தூளை ஒட்டியிருக்கிறார்கள். பினாங்கின் ஈரத்தில் அதன் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் பூக்கிறது. அப்படியே ஓடவிட்டால் அது பிளேயரின் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். பூசணம் பிடித்ததைத் தனியே வையுங்கள். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம், நாடா நெளிந்துவிடும்.

2016இல் கொம்தார் கட்டடத்தில் திறந்த பினாங்கு இசை இல்லம் இந்த ஊர் இசையின் பழைய வரலாற்றைத் திரட்டிக் காட்டியது. அருமையான முயற்சி. ஆனால் எந்தக் காட்சியகமும் நம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்க முடியாது. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

நல்ல நிலையில் இருக்கும் 60 நிமிடக் கேசட்டைக் கணினியில் ஏற்ற 60 நிமிடமாகும். அந்த நேரம் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பாடுவது யார், எந்த வீட்டில், எந்த வருஷத் தைப்பூசம் என்று அவர் சொல்லச் சொல்லக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். குரல்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் பலருக்கு எண்பது வயதாகிறது. அவர்களுக்குத் தெரிந்த கேசட்டுகளை முதலில் எடுங்கள்; சினிமாப் பாட்டு கேசட்டுகள் காத்திருக்கும்.