ஓவன் பார்த்துக்கொள்ளும் அரை மணி நேரம்

ஞாயிறு மாலை

இந்த வாரமும் ஓட்டம்தான். மகளுக்குத் திங்களும் வியாழனும் நீச்சல், மகனுக்குச் செவ்வாய்க்கிழமை வயலின். நான் வேலை முடிந்து வீடு வந்து சேர ஐந்தே முக்கால் ஆகும். அவர் வர ஆறரை. எட்டரைக்குள் பிள்ளைகள் படுத்தாக வேண்டும். இடையில் கிடைக்கிற நேரத்தில் நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பென்சில்வேனியாவுக்குக் குடிவந்த பிறகு அந்தப் பிடிவாதத்துக்குத் துணை நின்ற பண்டம் மீட்லோஃப்.

கைமாவோடு ரொட்டித்தூள், முட்டை, வெங்காயம் சேர்த்துப் பிசைந்து, நீள ரொட்டி வடிவில் பிடித்து ஓவனில் சுடுவது. மேலே கெட்சப் பூச்சு. இங்கே பெரும்பாலான வீடுகளில் மாட்டுக் கைமாதான் போடுவார்கள். எங்கள் வீட்டில் மாட்டுக்கறி கிடையாது, அதனால் வான்கோழி. நெஞ்சுக்கறி மட்டும் அரைத்ததை வாங்கினால் சக்கையாக இருக்கும். தொடைக்கறியும் கலந்ததைத்தான் தேடி எடுக்கிறேன்.

இரண்டு பவுண்டு, அதாவது சுமார் 900 கிராம் கைமாவுக்கு இன்று கலவை போட்டேன். முதல் வேலை கறியில் இல்லை, ரொட்டியில். ஒரு கப் ரொட்டித்தூளை அரை கப் பாலில் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அது குழைந்து பசையானதும் கறியோடு சேர்த்தால், வேகும்போது புரதம் இறுகி நீரைப் பிழிந்து வெளியேற்றுவதை அந்த மாவுப்பசை தடுக்கிறது. வெட்டும்போது துண்டு உதிராமல், வாயில் வறளாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். வெங்காயம், பூண்டு இரண்டையும் பொடியாக நறுக்கி வதக்கி, ஆறவிட்டுச் சேர்த்தேன். பச்சையாகப் போட்டால் அரை மணி நேரத்தில் சரியாக வேகாது, கடிபடும். இரண்டு முட்டை, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் வொர்செஸ்டர்ஷயர் சாஸ். பிறகு விரல்களை விரித்து, எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்கிற வரைக்கும் மட்டும் புரட்டினேன். சப்பாத்தி மாவு போல அடித்துப் பிசைந்தால் கறி ரப்பராகிவிடும். கை நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதுதான் இதில் பாதிச் சமையல்.

கலவையில் பாதியை நாளைக்கென மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன். மீதியை உள்ளங்கை நீளத்தில் நான்கு சின்ன லோஃபாகப் பிடித்து, தட்டில் உறையவிட்டுப் பையில் போட்டு ஃபிரீசருக்கு அனுப்பியாயிற்று. பச்சைக் கைமா ஃபிரிட்ஜில் ஓரிரு நாள்தான் தாங்கும். ஃபிரீசரில் மூன்று நான்கு மாதம் வரை ருசி குறையாமல் இருக்கும்.

திங்கள் இரவு

முழு லோஃபாகச் சுட்டால் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 175 டிகிரி செல்சியஸில், ஒரு மணி நேரம் பிடிக்கும். வேலை நாளில் யாருக்கு அந்த நேரம் இருக்கிறது? அதனால் மஃபின் தட்டில் ஆறு குழிகளை நிரப்பினேன். 375 டிகிரியில் இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடும். கெட்சப்பில் ஒரு கரண்டி பழுப்புச் சர்க்கரை, ஒரு கரண்டி வினிகர், சிட்டிகை மிளகாய்த்தூள் கலந்து கடைசிப் பத்து நிமிடத்துக்கு மேலே தடவினேன். விளிம்பில் வழிந்த பூச்சு கருஞ்சிவப்பாகப் பிசுபிசுத்துப் பிடிக்கும். பிள்ளைகள் சண்டை போடுவது அந்த விளிம்புக்குத்தான்.

அந்த இருபத்தைந்து நிமிடம் முழுக்க என்னுடையதாக இருந்தது. குழம்பு வைத்திருந்தால் கிண்டிக்கொண்டு நின்றிருப்பேன். இன்று மகனோடு உட்கார்ந்து வகுத்தல் கணக்கு முழுவதையும் முடித்தேன். உருளைக்கிழங்கு மசியலும் வேகவைத்த பட்டாணியும் தொட்டுக்கொள்ள. அவர் மகளை நீச்சலிலிருந்து கூட்டிக்கொண்டு நுழைந்தபோது தட்டுகள் மேசையில் இருந்தன.

செவ்வாய் காலை

மிஞ்சிய இரண்டை வில்லைகளாக நறுக்கி, கடுகு சாஸ் தடவிய ரொட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது அத்தை மதுரையிலிருந்து கூப்பிட்டார்.

“விடியக்காலையிலயே கைமாவாம்மா?”

“நேத்து ராத்திரி சுட்டது அத்தை. பிள்ளைங்க டப்பாவுக்கு வைக்கிறேன்.”

“நம்ம கோலா உருண்டை மாதிரியா? பொட்டுக்கடலை போட்டியா?”

“இல்ல அத்தை, இதுக்கு ரொட்டித்தூள். எண்ணெயில பொரிக்கிறதும் இல்ல.”

“பொட்டுக்கடலை போட்டுப் பாரு. நல்லாப் பிடிக்கும்.”

அத்தை சொன்னதில் விஷயம் இருக்கிறது. கறியை உதிராமல் பிடித்துவைக்கவும், கொஞ்சக் கறியை நிறையப் பேருக்கு வரவழைக்கவும் மாவு சேர்ப்பது இரண்டு ஊரிலும் ஒரே புத்திதான். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்க வீடுகளில் மீட்லோஃப் வேரூன்றியதும் இதனால்தான்: விலை குறைந்த கறியோடு பழைய ரொட்டியையோ ஓட்ஸையோ சேர்த்தால் ஒரு குடும்பம் வயிறாரச் சாப்பிடலாம். இதற்கு முன்னோடி என்று பலரும் சொல்லும் ஸ்கிராப்பிள் எங்கள் மாநிலத்துப் பண்டம். இங்கே குடியேறிய ஜெர்மானியர்கள் பன்றிக்கறியின் மிச்சம் மீதியைச் சோளமாவோடு கிளறி, அச்சில் இறுகவிட்டு, வில்லை போட்டு வறுத்துச் சாப்பிட்டார்கள். இன்றும் கடைகளில் கிடைக்கிறது. எந்தத் துண்டையும் வீணாக்காத கைகளிடமிருந்து வந்த சமையல் என்பதால் எனக்கு இதன்மேல் மரியாதை அதிகம்.

புதன்

ரசம், அப்பளம். ஃபிரீசரில் இருந்த நான்கு லோஃபையும் காலையிலேயே ஃபிரிட்ஜுக்கு இறக்கிவிட்டேன். சமையல் மேடையில் வைத்து உருக விடக்கூடாது. வெளிப்பக்கம் முதலில் சூடேறிக் கிருமி பெருகும்.

வியாழன் இரவு

இன்று ஒரே தகட்டில் முழுச் சாப்பாடு. 400 டிகிரியில் முதலில் உருளைக்கிழங்குத் துண்டுகள், எண்ணெயும் உப்பும் புரட்டி. பத்து நிமிடம் கழித்து நடுவில் லோஃப்கள். கடைசிக் கால் மணி நேரத்துக்குப் பீன்ஸ். குழியான தட்டில் அடைத்துச் சுடுவதைவிட இப்படித் திறந்த தகட்டில் சுடுவது எனக்குப் பிடித்திருக்கிறது; நாலு பக்கமும் மொறுமொறுப்பாகிறது, கொழுப்பும் அதிலேயே ஊறிக் கிடக்காமல் ஓடிவிடுகிறது.

மகள் ஒன்றை வெட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, உள்ள பிங்க்கா இருக்கு, வேகலை” என்றாள். வெப்பமானியை அவள் கையிலேயே கொடுத்து, வெட்டாத ஒன்றின் பக்கவாட்டில் நடுப்பகுதி வரை குத்தச் சொன்னேன். 168 காட்டியது. வெட்டியதில் குத்தினாலும் 165க்குக் கீழே இறங்கவில்லை. வெங்காயம் போன்ற காய்களில் இயல்பாகவே இருக்கும் நைட்ரேட்டால் நன்றாக வெந்த கைமாகூட இளஞ்சிவப்பாகத் தெரிவதுண்டு. பழுப்பாகத் தெரிவது வேகாமல் இருப்பதும் உண்டு. நிறத்தை நம்ப முடியாது. கோழி, வான்கோழிக் கைமாவுக்கு 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ். மாடு, ஆடு, பன்றிக் கைமாவுக்கு 160, அதாவது 71 என்று அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்கிறது. முழுத்துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். அரைக்கும்போது அது உள்ளே எங்கும் கலந்துவிடுகிறது. அதனால்தான் நடுப்பகுதியின் சூடு இவ்வளவு முக்கியம். இதை மகள் தெரிந்துகொண்டது எனக்கு இன்றைய சாப்பாட்டைவிடப் பெரிய சந்தோஷம். இன்னும் சில வருடத்தில் இந்த அடுப்படி அவளுக்கும் தம்பிக்கும் பொதுவாகிவிடும்.

வெள்ளி

அலுவலகத்தில் உடன் வேலை செய்கிற பெண் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி, இந்த ஊருக்குப் புதிது, வார நாளில் என்ன சமைப்பது என்றே தெரியவில்லை என்றாள். அவளுக்கு எழுதிக் கொடுத்ததையே இங்கேயும் எழுதிவைக்கிறேன். கலவையை விடுமுறை நாளில் போடுங்கள். பெரிதாகச் சுடாதீர்கள், சின்னச் சின்னதாகப் பிடியுங்கள். வெந்ததும் ஐந்து நிமிடம் ஆறவிட்டு எடுங்கள், சாறு உள்ளேயே நிற்கும். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். லோஃப் தட்டு இல்லாமலே சமாளிக்கலாம். கறிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானியை மட்டும் முதலில் வாங்கிவிடுங்கள்.