ஒரிஜினல் எது, டூப்ளிகேட் எது?

குழந்தைகள் ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். சாதி எட்டிப் பார்க்காத விளையாட்டு நம் ஊரில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

செண்பகனூரில் ஒரு மாலைநேரப் படிப்பு மையத்தில் வேலை செய்கிறேன். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் நம் காலனிப் பிள்ளைகள். அப்பாக்கள் கொத்து வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போகிறார்கள். அம்மாக்கள் சித்தாளாக, அல்லது சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் காட்டேஜ்களில் துப்புரவு வேலைக்குப் போகிறார்கள். பண்டிகைக்குத் துணி எடுக்க வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது 'எதை எடுத்தாலும் 99 ரூபாய்' கடையில் வாங்கிய ஒரு பிளாக்ஸ் டப்பா இப்போது பல வீடுகளில் இருக்கிறது.

மையத்துக்கு வரும் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, விடுமுறையில் அம்மாவோடு அவர் வேலை செய்யும் காட்டேஜுக்குத் தன் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனாள். வீட்டுக்கார அம்மாவின் பேரனிடம் விலை உயர்ந்த லெகோ இருந்தது. இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து எல்லாவற்றையும் கொட்டி ஒரு பாலம் கட்டினார்கள். சாயங்காலம் வீட்டுக்கார அம்மா வந்து பார்த்துவிட்டு, "அது டூப்ளிகேட், நம்மதோட கலக்கக் கூடாது. பிரிச்சு வெச்சிட்டுப் போ" என்று வேலைக்கார அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

லெகோ கட்டையின் ஒவ்வொரு குமிழிலும் அந்தப் பெயர் பொடி எழுத்தில் பதிந்திருக்கும். அந்த அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. மகள் வாசித்துச் சொல்ல, அம்மா பிரித்திருக்கிறார். மறுநாள் என்னிடம் சொன்னார்: "கலரைப் பாத்தா ஒண்ணும் தெரியல டீச்சர். எழுத்தைப் பாத்துத்தான் பிரிச்சோம். ரெண்டு மணி நேரம் ஆச்சு."

வீட்டுக்கார அம்மாவுக்குச் சாதி எண்ணமே இல்லாமல்கூட இருக்கலாம். காசு போட்டு வாங்கிய பொருள் என்று நினைத்திருக்கலாம். இரட்டைக் குவளை வைத்த டீக்கடைக்காரரும் கிளாஸ் உடைந்துவிடும் என்றுதான் சொன்னார். பிரிக்கச் சொன்னது ஒரு பக்கம். பிரிக்கும் வேலையை யாருடைய கைக்குக் கொடுத்தார் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

சரி, ஒரிஜினல் எது? டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் 1932இல் ஒரு தச்சர் தொடங்கிய கம்பெனி லெகோ. 1949இல் அது வெளியிட்ட முதல் பிளாஸ்டிக் கட்டை, இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் 'கிட்டிகிராஃப்ட்' என்ற பெயரில் செய்த கட்டையைப் பார்த்துச் செய்தது. கட்டைக்கு அடியில் குழாய் வைத்து, பிடி நழுவாமல் ஆக்கியதுதான் லெகோவின் சொந்தக் கண்டுபிடிப்பு. 1958 ஜனவரி 28 அன்று அதற்குக் காப்புரிமை கேட்டார்கள். அந்த உரிமை காலாவதியான பிறகு மற்றவர்களும் அதே அளவில் செய்யத் தொடங்கினார்கள். லெகோ வழக்குப் போட்டது. 2005இல் கனடா உச்ச நீதிமன்றமும், 2010இல் ஐரோப்பிய நீதிமன்றமும் மறுத்துவிட்டன. கட்டைகளைப் பொருத்துவதுதான் குமிழின் வேலை. அந்த வேலையை ஒரு கம்பெனி தன் வணிகச் சின்னமாக்கி என்றென்றைக்கும் வைத்துக்கொள்ள முடியாது என்பது அந்தத் தீர்ப்புகளின் சாரம்.

அதனால்தான் வத்தலக்குண்டு கட்டை லெகோவோடு பொருந்துகிறது. குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர் இடைவெளி, இரண்டிலும். எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். 99 ரூபாய் டப்பாவிலிருந்து ஆறை எடுத்தாலும் அதே கணக்குதான்.

ஆனால் மலிவு என்பதை நான் கொண்டாடவில்லை. இந்தியாவில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அப்படியிருந்தும் நம் பிள்ளைகள் கொண்டுவரும் டப்பாக்கள் பலவற்றில் அந்த முத்திரையைக் காணோம். சிலவற்றில் ஓரம் கையைக் கீறுகிறது. சில கட்டைகள் இரண்டே நாளில் பிடி விட்டுவிடுகின்றன. மூன்று வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கை இருக்கும் ஒற்றை அறை வீட்டில், வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும் சிறு துண்டுகள் தரையில் கிடக்கின்றன. கூலிக்காரர் பிள்ளைக்கு இது போதும் என்று சந்தை முடிவு செய்துவிட்டது. சோதிக்க வேண்டியவர்களும் இந்தக் கடைகளை எட்டிப் பார்ப்பதில்லை.

1920 ஜனவரி 31 அன்று வெளிவந்த 'மூக்நாயக்' முதல் இதழில் அண்ணல் அம்பேத்கர் இந்து சமூகத்தை ஏணியோ வாசலோ இல்லாத பல மாடிக் கோபுரத்துக்கு ஒப்பிட்டார். அப்படிப்பட்ட கட்டடங்களுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் நாம். இந்த மலையில் நிற்கும் காட்டேஜ்களும் நம் மக்கள் தலையில் ஏறி வந்தவைதான். பிளான் மட்டும் அடுத்தவருடையது. கட்டையைக் கையில் எடுக்கும் பிள்ளைதான் வாசல் எங்கே, ஜன்னல் எங்கே என்று தானே முடிவு செய்கிறாள். எங்கள் மையத்தில் பிள்ளைகள் முதலில் கட்டுவது மாளிகை இல்லை. தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ், பிறகு படிக்க ஒரு தனி ரூம்.

விளையாடுவது குழந்தையின் உரிமை என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையின் 31ஆம் பிரிவை இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்டது. அதனால் கேட்கிறோம். அங்கன்வாடிக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் முத்திரை பெற்ற நல்ல கட்டைகளை அரசு வாங்கித் தரட்டும். மலிவுக் கடைகளில் சோதனை நடக்கட்டும். நன்கொடை தர நினைக்கும் நண்பர்கள், வீட்டில் உடைந்ததையும் பாதி தொலைந்ததையும் மூட்டை கட்டி அனுப்ப வேண்டாம்; உங்கள் பிள்ளைக்கு வாங்குவதையே எங்கள் பிள்ளைக்கும் வாங்குங்கள். எங்கள் மையத்தில் இருப்பது ஒரே டப்பா. வருவது எல்லாம் அதில்தான் விழும். எதையும் பிரித்து வைக்கிற வேலை அங்கே யாருக்கும் இல்லை.